வாடகை வீட்டு பாத்ரூம்ல டார்க்ரூம் போடணும், கம்மி செலவுல என்னென்ன வழி இருக்கு?

மலைக்கோட்டை35:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா கறுப்பு வெள்ளை பிலிம்ல எடுத்துட்டு இருக்கேன், கேமரா பென்டாக்ஸ் கே1000, லென்ஸ் 50 எம்எம் ஒன்னே ஒன்னு தான். பிலிம கூரியர்ல வெளியூருக்கு அனுப்பி கழுவி ஸ்கேன் பண்ணி வாங்குறேன், ஆனா கடைசில போன் ஸ்கிரீன்ல தான் பாக்குறேன், கையில ஒரு பிரிண்ட் கூட இல்ல. பேப்பர்ல நானே பிரிண்ட் போடணும்னு ரொம்ப நாளா ஆசை.

திருச்சில முதல் மாடி வாடகை வீடு. பாத்ரூம் நாலுக்கு ஆறடி இருக்கும், மேல ஒரு வென்டிலேட்டர், கதவுக்கு அடியில ரெண்டு விரல் சந்து. ஆணி அடிக்கக்கூடாது, சுவத்துக்கு கறுப்பு பெயின்ட் அடிக்கக்கூடாது, வீட்டு ஓனர் ரொம்ப கண்டிப்பு. புதுசா என்லார்ஜர் (நெகடிவ பெருசாக்கி பேப்பர்ல விழ வைக்கிற மிஷின்), சேஃப்லைட் (பேப்பர கெடுக்காத சிவப்பு லைட்டு), ட்ரே, பிலிம் கழுவுற வெளிச்சம் புகாத டேங்க்னு எல்லாத்தையும் ஆன்லைன்ல பார்த்தா தலை சுத்துது, என் ஒரு மாச சம்பளமே போயிடும் போல. போட்டோ பேப்பர் வெளிநாட்டு சரக்கு, அதுக்கு காசு குடுத்தே ஆகணும்னு தெரியும். மத்ததுல எதெல்லாம் வீட்டுல இருக்கிறத வச்சே சமாளிக்கலாம், எதுல கை வைக்கவே கூடாது? இங்க மொட்டை மாடி டேங்க் தண்ணி மத்தியானம் கொதிக்குது, எல்லா புத்தகத்துலயும் மருந்து 20 டிகிரில இருக்கணும்னு போட்டிருக்கு, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

குடந்தை ஸ்டூடியோ:

தம்பி, எங்க அப்பா கும்பகோணத்துல ஸ்டூடியோ வச்சிருந்தவர். ஊட்டில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு 1960ல ஆரம்பிச்ச அரசாங்க கம்பெனி இருந்துச்சே, அவங்களோட இந்து பேப்பர் தான் எங்க கடையில ஓடும். நான் ஸ்கூல் விட்டு வந்து சாயங்காலம் ஹைப்போ (படத்த நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர் மருந்து) ட்ரேல பிரிண்ட் திருப்பிப் போடுற வேலை தான் பார்த்தேன், அதனால இது எனக்குப் பழகின சங்கதி. ஒன்னு சொல்றேன், அந்தக் காலத்து ஸ்டூடியோல பாதி சாமான் நாங்களே செஞ்சது தான், கம்பெனி சாமான் இருந்தா தான் பிரிண்ட் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

முதல்ல என்லார்ஜர மறந்துடுங்க. கான்டாக்ட் பிரிண்ட்ல ஆரம்பிங்க. நெகடிவ பேப்பர் மேல வச்சு, மேல ஒரு கண்ணாடி வச்சு அமுக்கி, லைட்ட போட்டு அணைச்சா முடிஞ்சுது. ரெண்டோட எமல்ஷன் பக்கமும், அதாவது மருந்து பூசின பக்கமும், ஒன்னுக்கொன்னு முகம் பார்த்து இருக்கணும், அதாவது நெகடிவோட மங்கலான பக்கம் கீழ, பேப்பரோட பளபள பக்கம் மேல. கண்ணாடி கடையில 5 எம்எம் கண்ணாடி பத்துக்கு பன்னெண்டு இன்ச் வெட்டி ஓரம் தேச்சுத் தரச் சொல்லுங்க, ஓரம் தேய்க்காம வாங்கினா இருட்டுல கை கிழிஞ்சிடும். ஒரு 36 பிரேம் ரோல ஆறு ஆறா வெட்டி ஒரு எட்டுக்குப் பத்து பேப்பர்ல அடுக்கிடலாம். டெவலப்பர் (படத்த வெளிய கொண்டு வர்ற மருந்து), டைமிங், டெஸ்ட் ஸ்ட்ரிப் (சின்னத் துண்டுல நேரம் பார்க்கிறது), கழுவுறது எல்லாமே இதுலயே கைக்கு வந்துடும், பேப்பரும் வீணாகாது.

இருட்டு: வென்டிலேட்டருக்கு அலுமினியம் ஃபாயில் தான் சரி, கறுப்பு சார்ட் பேப்பர் வெயில்ல பார்த்தா ஒளி ஊடுருவுறது தெரியும். அட்டைப்பெட்டிய அளவா வெட்டி அதுல ரெண்டு சுத்து ஃபாயில் சுத்தி ஓட்டையில செருகிடுங்க, ஆணியும் வேணாம் டேப்பும் வேணாம், வேலை முடிஞ்சதும் எடுத்து கட்டில் அடியில வச்சுக்கலாம். கதவுக்கு பழைய ஃப்ளெக்ஸ் பேனர், அதுலயும் பின்பக்கம் கறுப்பா இருக்கிற ரகம் கிடைச்சா ரெண்டா மடிச்சு தொங்கவிடுங்க, அடிச் சந்துல ஈரத்துண்டு. அப்புறம் உள்ள போய் கதவ சாத்திட்டு பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க. உக்காந்ததும் கும்மிருட்டா இருக்கேன்னு தோணும், கண்ணு பழகினப்புறம் தான் சாவி ஓட்டையில இருந்து கூட கோடு மாதிரி வெளிச்சம் வர்றது தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு மேல வேலை பார்த்தா இதுல முக்கால்வாசி தொல்லை கிடையாது, தெருவிளக்கு ஒன்ன மட்டும் கவனிச்சா போதும்.

சிவப்பு லைட்டு: சாமி படத்துக்குப் போடுற சிவப்பு ஜீரோ வாட் பல்பு எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலயும் இருக்கு, அத வாங்கலாம், ஆனா அப்படியே நம்பக்கூடாது. சில பல்புல உள்ள வெள்ளை எல்இடி, மேல மட்டும் சிவப்பு மூடி, அதுல பச்சை நீலம் ஒழுகும். கண்டுபிடிக்க சுலபமான வழி, பழைய சிடி ஒன்ன எடுத்து பளபள பக்கத்துல அந்த பல்போட வெளிச்சத்த சாய்ச்சுப் பாருங்க. சிவப்பு மட்டும் தெரிஞ்சா நல்ல பல்பு. பக்கத்துலயே பச்சையோ நீலமோ ஒரு கீத்து தெரிஞ்சாலும் வேணாம், அத சாமிக்கே போட்டுடுங்க. அதுக்கப்புறமும் காசு டெஸ்ட் பண்ணணும். ஒரு துண்டு பேப்பர வெள்ளை லைட்டுல லேசா, டெவலப் பண்ணா வெளிர் சாம்பல் வர்ற அளவுக்கு மட்டும் காட்டிட்டு, அது மேல ஒரு ரூபா காச வச்சு சிவப்பு லைட்டுக்கு அடியில எட்டு நிமிஷம் விட்டுட்டு டெவலப் பண்ணுங்க. காசோட வட்டம் தெரிஞ்சா லைட்டு ஒத்துக்கல, இன்னும் தள்ளி வைங்க, இல்ல சுவத்துப் பக்கம் திருப்பி வைங்க. வெறும் வெள்ளைப் பேப்பர்ல காச வச்சுப் பார்க்கிறவங்க இருக்காங்க, அது போதாது. ஏற்கனவே கொஞ்சம் ஒளி பட்ட பேப்பர் தான் சின்ன கசிவையும் காட்டிக் குடுக்கும்.

ட்ரே மூணு, டெவலப்பர், ஸ்டாப், ஹைப்போன்னு ஒன்னொன்னுக்கு ஒன்னு. பிளாஸ்டிக் சாமான் கடையில அடிப்பக்கம் தட்டையா, ஓட்டையில்லாம எது இருந்தாலும் சரி, மூணும் மூணு கலர்ல வாங்குங்க. அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் வேணாம். டெவலப்பர் ட்ரே என்னைக்கும் டெவலப்பருக்கு தான், ஹைப்போ ட்ரே என்னைக்கும் ஹைப்போவுக்கு தான், மாத்தவே கூடாது. ஹைப்போ பட்ட விரல டெவலப்பர்ல விட்டா அன்னைக்கு வேலை அவ்வளவு தான். டைமருக்கு டிக் டிக்னு சத்தம் போடுற சுவர்க்கடிகாரம் ஒன்னு போதும், போன உள்ள கொண்டு போகாதீங்க, ஒரு மெசேஜ் வந்து ஸ்கிரீன் எரிஞ்சா பேப்பர் கவர் திறந்திருந்தா அம்புட்டும் போச்சு.

ஹைட்ரோகுயினோன் அக்கா:

மேல அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் காலேஜ்ல கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்குறேன், வீட்லயும் டார்க்ரூம் இருக்கு, அதனால மருந்து சங்கதிய நான் சொல்றேன். வெளிநாட்டு பாட்டில் டெவலப்பர் வாங்கவே வேணாம், லேப் கெமிக்கல் கடையில தனித்தனியா வாங்கி கலக்கிக்கலாம். சென்னைன்னா பாரிமுனை பக்கம், திருச்சிலயும் ஸ்கூல் காலேஜுக்கு சப்ளை பண்ற கடைங்க இருக்கும், கேளுங்க. மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்ஃபைட் இந்த மூணும் பிலிம் டெவலப்பருக்கும் பேப்பர் டெவலப்பருக்கும் பொது. கோடாக் வெளியிட்ட பழைய ஃபார்முலாங்க தான், யார் வேணா கலக்கலாம்.

பேப்பருக்கு டி-72: ஒரு லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், சல்ஃபைட் 45, ஹைட்ரோகுயினோன் 12, ஈரமில்லாத சோடியம் கார்பனேட் 67.5, பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். யூஸ் பண்ணும்போது ஒரு பங்குக்கு ரெண்டு பங்கு தண்ணி. பிலிமுக்கு டி-76: மெட்டால் 2, சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. ரெண்டுக்குமே முக்கால் லிட்டர் தண்ணிய 50 டிகிரி வாக்குல சூடு பண்ணி, முதல்ல ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அது முழுசா கரைஞ்சதும் மிச்ச சல்ஃபைட், அப்புறம் மத்தது வரிசையா, கடைசில தண்ணி ஊத்தி ஒரு லிட்டர் ஆக்கணும். சல்ஃபைட் எல்லாத்தையும் முதல்ல கொட்டிட்டா மெட்டால் கரையவே கரையாது, வெள்ளையா மிதக்கும். எடை போட நகைக்கடைக்காரங்க வச்சிருக்கிற மாதிரி சின்ன பாக்கெட் தராசு ஆன்லைன்ல சல்லிசா கிடைக்குது. இது வாங்க வேண்டிய சாமான், ஸ்பூன் கணக்கெல்லாம் பேப்பர் டெவலப்பருக்கு ஓரளவு தாங்கும், பிலிமுக்கு தாங்காது.

சோடியம் கார்பனேட் கிடைக்கலன்னா ஆப்ப சோடாவ இரும்புச் சட்டியில வறுங்க. சோடியம் பைகார்பனேட் தான் அது, சூடு பண்ணா தண்ணியும் கரியமில வாயுவும் போய் கார்பனேட் ஆயிடும். வறுக்கும்போது தண்ணி மாதிரி குழைஞ்சு குதிக்கும், அந்தக் குதி அடங்கினப்புறமும் கொஞ்ச நேரம் விடணும். 100 கிராம் போட்டா 63 கிராம் மிஞ்சணும், தராசுல வச்சுப் பார்த்து அதுக்கு மேல எடை குறையலன்னா ஆச்சுன்னு அர்த்தம். கடையில கட்டி கட்டியா கண்ணாடி மாதிரி விக்கிற சலவை சோடா வேற, அதுல பாதிக்கு மேல தண்ணி தான், அதையே போடுறதா இருந்தா 67.5க்கு பதிலா 182 கிராம் வேணும். போராக்ஸ் நாட்டு மருந்துக் கடையில வெங்காரம்னு கேட்டா தருவாங்க, பொரிக்காத வெங்காரம்னு சொல்லி வாங்குங்க, பொரிச்சதுல எடைக்கணக்கு மாறிடும். கேரம் போர்டுக்குப் போடுற பவுடர் போரிக் ஆசிட், அது இதில்ல.

ஃபிக்ஸருக்கு இன்னும் சுலபம். சோடியம் தயோசல்ஃபேட், அதாங்க ஹைப்போ. மீன் தொட்டி கடையில குளோரின் எடுக்கிற கல்லுன்னு விக்கிறாங்களே அதே தான், நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைக்கு மூட்டையாவே வரும். லிட்டருக்கு 250 கிராம், கூட சல்ஃபைட் 15 கிராம். வெந்நீர்ல கரைங்க, ஏன்னா இது கரையும்போது சூட்ட இழுத்துக்கும், பச்சைத் தண்ணில கொட்டி கலக்கினா ரெண்டே நிமிஷத்துல பாத்திரத்துக்கு வெளிய வியர்த்து கை சில்லுனு ஆயிடும், கல்லும் அடியில அப்படியே கிடக்கும். டெவலப் ஆகுறத நிறுத்துற ஸ்டாப் பாத்துக்கு மளிகைக்கடை எலுமிச்சை உப்பு 15 கிராம் ஒரு லிட்டர்ல. ஆனா இந்த சாதா ஹைப்போல ஆசிட் நேரா போய் விழுந்தா கந்தகம் பிரிஞ்சு பால் மாதிரி ஆயிடும், அதனால ஸ்டாப்ல இருந்து எடுத்து தண்ணில ஒரு முக்கு முக்கிட்டு ஹைப்போல போடுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க, கையுறை. மெட்டால் சிலருக்கு தோல்ல அரிப்பு, வெடிப்புன்னு கொண்டு வந்து விட்டுடும், ஒருதரம் ஒத்துக்காம போனா அப்புறம் ஆயுசுக்கும் ஒத்துக்காது. பொடி அளக்கும்போது மாஸ்க் போடுங்க. சமையல் பாத்திரம், கரண்டி, மிக்சி எதையும் இதுக்கு எடுக்காதீங்க, இதுக்கு எடுத்தத திரும்ப அடுப்படிக்கு கொண்டு போகாதீங்க. கூல்டிரிங்ஸ் பாட்டில்ல டெவலப்பர் ஊத்தி வைக்கிறவங்க நிறைய பேர், பாட்டில் நல்லது தான், அமுக்கி காத்த வெளியேத்திட்டு மூடினா மருந்து கருக்காம இருக்கும், ஆனா லேபிள கிழிச்சுட்டு கொட்டை எழுத்துல விஷம்னு எழுதி குழந்தைங்க கைக்கு எட்டாத பரண்ல வைங்க. டி-72 பார்க்க தண்ணி மாதிரி தான் இருக்கும்.

நொய்யல்கரை:

ப்ரோ கிட்ட கே1000 இருக்குல்ல, அப்ப என்லார்ஜர் ஏற்கனவே வீட்லயே இருக்குங்க. விளையாட்டுக்கு சொல்லலைங்க, நான் கோயம்புத்தூர்ல இப்படித்தான் எட்டுக்குப் பத்து வரைக்கும் போட்டுட்டு இருக்கேன்.

விஷயம் இதுதானுங்க. கேமராவுக்குள்ள வெளிச்சம் வெளிய இருந்து பிலிமுக்குப் போகுது, அதையே திருப்பிப் போட்டா பிலிம்ல இருந்து வெளிய போகும். கேமராவ கவுத்து, லென்ஸ் கீழ பார்க்கிற மாதிரி ஸ்டாண்ட்ல கட்டி, பின்கதவ திறந்து, பிலிம் ஓடுற தண்டவாளத்துல நெகடிவ மங்கல் பக்கம் லென்ஸ பார்க்கிற மாதிரி வச்சு, மேல ஒரு சின்ன கண்ணாடித் துண்டால அமுக்கிட்டு, ஷட்டர பி-ல (பட்டன அமுக்குற வரைக்கும் திறந்தே இருக்கிற செட்டிங்) போட்டு, பட்டன்ல மாட்டுற கேபிள் ரிலீஸ்ல லாக் பண்ணிட்டா கேமராவுக்குள்ள இருக்கிற மிரர் மேல தூக்கிக்கும், ஷட்டர் திறந்தே நிக்கும். கே1000 முழுக்க மெக்கானிக்கல், அதனால பேட்டரி தீருற கவலை இல்ல. மேல லைட் பாக்ஸ் வைக்கணும், அதுக்கு போர்டு எழுதுற கடையில பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு கேளுங்க, வெட்டுன மிச்சத்த சும்மாவே குடுப்பாங்க. பிஸ்கட் டின்னுக்குள்ள ஒரு 5 வாட் எல்இடி பல்பு, அடியில ஓட்டை போட்டு அக்ரிலிக், நெகடிவுக்கு மேல ரெண்டு இன்ச் தூக்கி வச்சா வெளிச்சம் ஒரே சீரா விழும். சுத்தி இருக்கிற சந்துக்கெல்லாம் கறுப்புத் துணி. பழைய என்லார்ஜர்ல குண்டு பல்பு சூட்டுல நெகடிவ் நடுவுல உப்பி போகஸ் போயிடும், எல்இடில அந்தத் தொல்லை இல்லைங்க.

இப்ப போகஸ் கணக்கு, இதுல தான் அழகே இருக்கு. லென்ஸ்ல எழுதியிருக்கிற தூரம் பிலிம்ல இருந்து பொருள் வரைக்கும், இங்க பொருள் இருக்கிற இடத்துல பேப்பர் இருக்கு, அவ்வளவு தான் வித்தியாசம். அதனால லென்ஸ 0.5 மீட்டர்ல வச்சு, பிலிம்ல இருந்து பேப்பர் வரைக்கும் டேப் புடிச்சு அரை மீட்டர் வச்சாலே கிட்டத்தட்ட போகஸ்ல இருக்கும், அப்ப எட்டு மடங்குக்கு கொஞ்சம் கம்மியா பெருசாகும், 24க்கு 36 எம்எம் பிரேம் சுமார் 19க்கு 28 சென்டிமீட்டர்ல விழும். எட்டுக்குப் பத்து பேப்பருக்கு இது கச்சிதம், நீளப்பக்கம் கொஞ்சம் வெளிய போகும். லென்ஸ் 0.45க்கு கீழ வராது, அங்க வச்சா ஆறே முக்கால் மடங்கு சொச்சம், அதாவது சுமார் 16க்கு 25 சென்டிமீட்டர். அதவிட சின்னதா, நாலுக்கு ஆறு போடணும்னா லென்ஸ் இன்னும் வெளிய வரணும், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல எக்ஸ்டென்ஷன் ரிங் ஒன்னு போடணும், பழைய சாமான் விக்கிறவங்ககிட்ட அந்த ரிங் செட்டு யாரும் சீண்டாம கிடக்கும். லென்ஸ முழுசா திறந்து வச்சு போகஸ் பண்ணிட்டு அப்புறம் லென்ஸோட துவாரத்த எஃப் 8க்கு மூடிட்டு பிரிண்ட் போடுங்க, ஓரமெல்லாம் அப்பத்தான் கூர்மையா வரும்.

ஸ்டாண்டுக்கு நான் என்ன பண்ணேன்னா தையல் மிஷின் டேபிள், நடுவுல மிஷின் இறங்குற ஓட்டை இருக்கும்ல, அது மேல கேமரா கவுந்து படுத்துருக்கு, கீழ ஸ்டூல் மேல பேப்பர். ஸ்டூலுக்கு அடியில பழைய நோட்டுப் புத்தகத்த அடுக்கி உசரம் ஏத்தி இறக்கிக்கலாம். ஆட்டம் இல்லாம இருக்கணும், அது ஒன்னு தான் முக்கியம். ஃபேன் ஓடக்கூடாது, பிரிண்ட் ஓடிட்டு இருக்கும்போது யாரும் நடக்கக்கூடாது.

இன்னொன்னு, எல்இடி பல்ப சுவிட்ச் ஆஃப் பண்ணதும் இருட்டுல ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. நம்ம வீட்டு வயரிங்ல சுவிட்ச் சில இடத்துல நியூட்ரல்ல இருக்கும், அப்ப பல்பு அணைஞ்சப்புறமும் மினுக் மினுக்னு எரிஞ்சிட்டே இருக்கும், பேப்பர் மங்கிடும். அப்படி இருந்தா பிளக்கையே புடுங்குங்க, இல்ல யுஎஸ்பி பல்பு வாங்கி பவர் பேங்க்ல போடுங்க. எக்ஸ்போஷர சுவிட்ச்ல குடுக்காம லென்ஸுக்கு கீழ ஒரு கறுப்பு அட்டைய பிடிச்சு எடுத்தா கணக்கு சுத்தமா இருக்கும்.

மலைக்கோட்டை35:

படிக்கப் படிக்க சந்தோஷமா இருக்கு, ரொம்ப நன்றி எல்லாருக்கும். கேமராவையே என்லார்ஜரா மாத்தலாம்னு எனக்குத் தோணவே இல்ல, எங்க அத்தை வீட்ல ஓடாத தையல் மிஷின் ஒன்னு இருக்கு, நாளைக்கே போய் பாக்குறேன்.

ரெண்டு சந்தேகம். பிலிமையும் நானே கழுவினா கூரியர் செலவு மிச்சம், காபித்தூள்ல கழுவலாம்னு எங்கயோ பார்த்தேன், உண்மையா? வீட்ல ஃபில்டர் காபித்தூள் எப்பவும் இருக்கும், அது ஆகுமா? அப்புறம் அந்த 20 டிகிரி. இன்னைக்கு குழாய்த் தண்ணிய அளந்தேன், சாயங்காலம் 33 காட்டுது.

கேஃபினால் நாகர்கோவில்:

காபி விஷயம் உண்மை. அமெரிக்காவுல ராச்செஸ்டர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜில 1995ல ஸ்காட் வில்லியம்ஸும் அவரோட ஸ்டூடன்ட்ஸும் ஆரம்பிச்சது, இன்னைக்கு உலகம் பூரா பண்றாங்க. ஒரு லிட்டருக்கு ஈரமில்லாத வாஷிங் சோடா 54 கிராம், வைட்டமின் சி பவுடர் 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம், 20 டிகிரில பதினஞ்சு நிமிஷம், இது தான் எல்லாரும் ஆரம்பிக்கிற அளவு. சோடாவையும் வைட்டமின் சியையும் தனித்தனியா கரைச்சு சேர்த்தா நுரைச்சு அடங்கும், கடைசில காபி. அஞ்சு நிமிஷம் தெளிய விட்டுட்டு உடனே ஊத்திடணும், எடுத்து வச்சா கெட்டுப் போயிடும்.

ஃபில்டர் காபித்தூள் வேணாம், இன்ஸ்டன்ட் தான். அதுலயும் நம்ம ஊர்ல ஒரு சிக்கல், நிறைய இன்ஸ்டன்ட் பாக்கெட்ல சிக்கரி கலந்திருக்கும், பின்னாடி சின்ன எழுத்துல நூத்துக்கு முப்பது பங்கு சிக்கரின்னு போட்டிருப்பான். டெவலப் பண்ற வேலைய செய்யறது காபில இருக்கிற அமிலங்க, சிக்கரி கூடக்கூட அது குறையும், படம் மெலிஞ்சு வரும். நூறு சதவீத காபின்னு போட்டிருக்கிறத வாங்குங்க, விலை குறைஞ்ச ரகமா இருந்தா இன்னும் நல்லது, ரோபஸ்டா கொட்டையில அந்த அமிலம் ஜாஸ்தி. நாத்தம் தான் தாங்காது, டேங்க்ல கழுவுறதா இருந்தா ஜன்னலத் திறந்து வச்சுக்கோங்க. பிலிம்ல லேசா பழுப்பு கறை ஏறும், பிரிண்ட் போட தொந்தரவு இல்ல.

டேங்க் வாங்க காசு இல்லன்னா கிண்ணத்துலயே கழுவலாம், பிலிமோட ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சு ஊஞ்சல் மாதிரி ஏத்தி இறக்கிட்டே இருக்கணும், முழு இருட்டுல. சிவப்பு லைட்டு கூட ஆகாது, இப்போதைய பிலிம் எல்லா கலரையும் பார்க்கும். 36 பிரேம் ரோல் ஒன்றரை மீட்டருக்கு மேல நீளம், ரெண்டா வெட்டிக்கிட்டா கைக்கு அடங்கும்.

குடந்தை ஸ்டூடியோ:

நாகர்கோவில் தம்பி சொன்னதுல ஒன்னுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். முதல் ரோலுக்கே காபியும் கிண்ணமும் வேணாம். படம் மெலிஞ்சு வந்தா காபியா, சோடாவா, சூடா, கேமரா எக்ஸ்போஷரா எது தப்புன்னு கண்டுபிடிக்கவே முடியாது. பேப்பர் போனா இன்னொரு பேப்பர், நெகடிவ் போனா அந்த நாளே போச்சு. அக்கா சொன்ன டி-76ல ஆரம்பிங்க, செகண்ட் ஹேண்ட் டேங்க் ஒன்னு வாங்குங்க, காசு போடணும்னா நல்ல டேங்க்லயும் பேப்பர்லயும் போடுங்க. கை நல்லா பழகினப்புறம் காபிய வச்சு ஆசை தீர பண்ணிக்கலாம்.

கேஃபினால் நாகர்கோவில்:

அண்ணே நீங்க சொல்றது நியாயம் தான், முக்கியமான ரோல அதுல போடச் சொல்லல. ஆனா லேப் கெமிக்கல் கடை பக்கத்துல இல்லாத ஊர்ல, தனி ஆளுக்கு கெமிக்கல் தர மாட்டேங்கிற கடைக்காரர்கிட்ட மாட்டிக்கிட்டா, மளிகைக்கடைய நம்பி ஒருத்தன் பிலிம் கழுவ முடியும்கிறதே பெரிய விஷயம்ணே. சும்மா வீட்டச் சுத்தி எடுத்த ஒரு டெஸ்ட் ரோல்ல பண்ணிப் பார்க்கட்டும்.

பேப்பருக்கு இன்னொரு ஐடியா தர்றேன். பாத்ரூம்ல மூணு ட்ரே வைக்க இடமில்லன்னா நாலு இன்ச் பிவிசி பைப், எட்டரை இன்ச் நீளம் வெட்டி ரெண்டு பக்கமும் மூடி போடுங்க. எட்டுக்குப் பத்து பேப்பர சுருட்டி எமல்ஷன் உள்பக்கம் பார்க்க நுழைச்சா உள்சுவத்துல ஒட்டி நிக்கும், பைப்போட சுத்தளவு பத்து இன்ச்சுக்கு மேல இருக்கிறதால ஒன்னு மேல ஒன்னு ஏறாது. நூறு மில்லி மருந்து ஊத்தி தரையில முன்னும் பின்னும் உருட்டினா போதும், ஒரு பிரிண்டுக்கு அவ்வளவு தான் செலவு. சிவப்பு லைட்டுல தான் மூடிய திறந்து ஊத்தி எடுக்கணும். என்ன, படம் மெல்ல எழும்பி வர்றத கண்ணால பார்க்க முடியாது.

ஹைட்ரோகுயினோன் அக்கா:

சூட்டுக்கு: பேப்பருக்கு ரொம்ப அலட்டிக்காதீங்க, 27, 28 டிகிரி வரைக்கும் டி-72 நல்லாவே வேலை செய்யும், படம் சீக்கிரம் வரும், அவ்வளவு தான். பிலிம் தான் பார்த்துப் பண்ணணும். 20க்கு இறக்கியே ஆகணும்னு இல்ல, 24ல நிறுத்துங்க, உள்ளூர் சூட்டுக்கு பக்கமா இருக்கிறதால கழுவி முடிக்கிற வரைக்கும் அங்கயே நிக்கும். டி-76ல எச்பி5 பிலிமுக்கு 20 டிகிரில ஏழரை நிமிஷம்னா 24ல அஞ்சு சொச்சம் வரும், பிலிம் கம்பெனியோட டெம்பரேச்சர் சார்ட்ட பார்த்துக்கோங்க. அஞ்சு நிமிஷத்துக்கு கீழ போற மாதிரி இருந்தா டெவலப்பர ஒன்னுக்கு ஒன்னு தண்ணி கலந்து நேரத்த நீட்டிக்கலாம்.

இறக்கற வழி: எல்லா மருந்து பாட்டிலையும் கழுவுற தண்ணியையும் பெரிய பிளாஸ்டிக் டப்புல நிறுத்தி, டப்புல தண்ணி ஊத்தி ஐஸ் போடுங்க. ஐஸ மருந்துக்குள்ள நேரா போடாதீங்க, பாலிதீன் பையில கட்டி முக்கலாம். டெவலப்பர் 24லயும் கழுவுற தண்ணி 33லயும் இருந்தா ஜெலட்டின் திடீர்னு ஊறி சுருங்கி பிலிம் பூரா வெடிச்ச குளத்து மண்ணு மாதிரி கோடு விழும், அதனால எல்லாமே ரெண்டு மூணு டிகிரிக்குள்ள இருக்கணும். தெர்மாமீட்டர் காய்ச்சல் பார்க்கிறது ஆகாது, அது 35க்கு மேல தான் காட்டும், லேப்ல வர்ற சிவப்பு ஆல்கஹால் குச்சி வாங்குங்க. ஐஸ் போட முடியாத நிலைமையில பழைய ஆளுங்க டெவலப்பர்ல சோடியம் சல்ஃபேட் சேர்ப்பாங்க, ஜெலட்டின் ஊறாம பிடிச்சு வைக்கும், கோடாக்கே சூட்டு நாட்டுக்குன்னு டிகே-15னு அப்படி ஒரு ஃபார்முலா போட்டிருக்கு.

பிலிம் கடைசியா அலசறதுக்கு மட்டும் போர் தண்ணி வேணாம், கேன் தண்ணி ஒரு லிட்டர் எடுத்துக்கோங்க. உப்புத் தண்ணில அலசி தொங்கவிட்டா காஞ்சப்புறம் வட்ட வட்டமா சுண்ணாம்புக் கறை நிக்கும், பிரிண்ட்ல ஒவ்வொன்னும் வெள்ளைப் புள்ளியா தெரியும்.

மலைக்கோட்டை35:

எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சுட்டேன். கடைசியா ஒன்னு, யூஸ் பண்ண மருந்த எங்க ஊத்துறது? பாத்ரூம்லயே விடலாமா? எங்க வீட்டுக்கு செப்டிக் டேங்க்.

குடந்தை ஸ்டூடியோ:

டெவலப்பர், ஸ்டாப் ரெண்டும் வீட்டு அளவுல நிறைய தண்ணி சேர்த்து விட்டா போயிடும். ஹைப்போவ மட்டும் விடாதீங்க, பிலிம்லயும் பேப்பர்லயும் இருந்த வெள்ளி பூரா அதுக்குள்ள தான் கரைஞ்சு கிடக்கு, செப்டிக் டேங்க்ல இருக்கிற கிருமிக்கு வெள்ளி ஆகாது, செடிக்கும் ஊத்தக்கூடாது. எங்க கடையில ஒரு பெரிய சிமென்ட் தொட்டியில சேர்த்து வைப்போம், வெள்ளி எடுக்கிற ஆளு வந்து விலை பேசி குடம் குடமா மொண்டுட்டுப் போவாரு. இப்ப அந்த ஆளுங்க இல்ல, நீங்க மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில சேர்த்து வைங்க.

ஹைட்ரோகுயினோன் அக்கா:

வாளி நிறைஞ்சதும் துருப்பிடிக்கிற ரக இரும்பு நார் ஒரு உருண்டை உள்ள போட்டு சில நாள் விடுங்க, எவர்சில்வர் நார் வேலைக்கு ஆகாது. இரும்பு கரைஞ்சு தண்ணிக்குப் போகும், வெள்ளி கறுப்பு சேறா அடியில இறங்கும். மேல் தண்ணிய நிறைய தண்ணியோட விட்டுட்டு சேற காய வச்சு பொட்டலம் கட்டி வைங்க, ரொம்ப நாள் சேர்ந்தா நகை உருக்குறவங்ககிட்ட காட்டலாம். ஹைப்போ தீர்ந்துடுச்சான்னு பார்க்க, பிலிமோட நாக்குல (ரோலோட ஆரம்பத்துல படம் விழாத முனை) ஒரு துண்ட வெளிச்சத்துலயே அதுல போட்டு எத்தனை நேரத்துல கண்ணாடி மாதிரி தெளியுதுன்னு பாருங்க, அந்த நேரத்துக்கு ரெண்டு மடங்கு தான் உங்க ஃபிக்ஸிங் நேரம். புதுசுல தெளிஞ்ச நேரத்த பாட்டில் மேலயே எழுதி வைங்க, அதுக்கு ரெட்டிப்பா நேரம் எடுக்க ஆரம்பிச்சா வாளிக்கு மாத்திடுங்க.